ஜாடியாரிடம் பேசியவர்கள்

“…ரெண்டு மாசமா எங்கம்மா வூட்லதான் இருக்கறனுங்க. இப்ப இவரு வந்து கூப்புடுறாரு. நீங்க மனுஷங்க இல்ல, ஒருத்தர் பக்கம் சாய மாட்டீங்க. அதனால நீங்களே சொல்லுங்க. நான் இந்த மனுஷன் கூடப் போவட்டுமா, வேணாமா?”

கேட்டவர் அஞ்சலை. பிறந்தது நல்லூர், வாழ்க்கைப்பட்டது பெண்ணாடம் பக்கத்தில் ஒரு கிராமம். ‘இந்த மனுஷன்’ என்றது பின்னால் நின்ற அவர் கணவர் கொளஞ்சியை. கேட்கப்பட்டவர் ஒரு பீங்கான் பொம்மை. பதில் சொல்ல வேண்டியவள், பொம்மைக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான்.

ஷோரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்வது? களிமண், மெருகு, சூளைச் சூடு எல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் காலத்தில் மிஷினே வாடிக்கையாளரோடு பேசுகிறது; அதனிடம் ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று யார் யாரோ ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம். எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மகத் திருவிழா முழுக்க நானே மிஷினாக இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

எங்கள் பீங்கான் கம்பெனி மேனேஜர் மெட்ராஸில் ஏதோ பொருட்காட்சிக்குப் போனவர், அங்கே ஒரு தகர மனிதன் கையைத் தூக்கி வணக்கம் வைத்ததைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. “தகரத்துல அவன் செஞ்சா, பீங்கான்ல நாம செய்ய முடியாதா?” மாசி மகத்துக்கு விருத்தாசலத்தில் கூட்டம் கொள்ளாது. மணிமுத்தாற்றில் முழுக்குப் போட்டு எழுந்து வருகிற ஜனம் அத்தனையும் திருவிழாக் கடைகள் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே எங்கள் கம்பெனி அரங்கில் பேசும் இயந்திர மனிதன் நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று.

கிடங்கிலிருந்தே ஆளைத் திரட்டினோம். சாக்கடைக்குப் பதிக்கும் பழுப்புக் குழாய்கள் கால்கள். அதில் சின்ன அளவு கைகள். இடுப்பு உயர ஜாடி ஒன்று வயிறு. பத்துப்படி ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தால் தலை. மின்கம்பத்தில் கம்பி கட்டுகிற வெள்ளைப் பீங்கான் இரண்டு காதுகள். நடுவில் ஓட்டை போட்ட சாசர்கள் கண்கள், பின்னால் பல்பு. வண்ணம் தீட்டும் பகுதியில் இருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? நீல மையில் ஒரு முறுக்கு மீசை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மீசை வந்த பிறகுதான் குரலுக்கு ஆள் தேடினார்கள். பேசவென்று முன்வந்த ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிப்போனது. நான் அப்போது ஷோரூமில் நாள் முழுக்கப் பேசிப் பழகியவள். எலக்ட்ரீஷியன் தேவராசுதான் வழி கண்டுபிடித்தான். ஒரு குழாயின் ஒரு முனையை ஜாடி வயிற்றுக்குள் விட்டு, மறுமுனையை என் வாய்க்கு நேராக வைத்தான். “பேசுக்கா” என்றான். “வணக்கம்” என்றேன். ஜாடிக்குள்ளிருந்து ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல், கிணற்றுக்குள் இடி இடித்தது மாதிரி ஒரு வணக்கம் வந்தது. தேவராசு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “ஐயோ, நீதானே!” என்று சிரித்தான்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. நான் பேசும்போது எதிரில் நிற்பவரும் பேசினால் குழாயில் எல்லாம் குழம்பிவிடும். அதனால் நெஞ்சில் இரண்டு விளக்கு வைத்தோம். பச்சை எரிந்தால் நீங்கள் பேசலாம். சிவப்பு எரிந்தால் வாய் திறக்கக்கூடாது. சுவிட்ச் என் காலடியில், தையல் மிஷின் மிதி மாதிரி. மேனேஜர் ஒரு சட்டமும் போட்டார்: “சரக்கைப் பத்தி மட்டும் பேசு. சொந்த சங்கதி எதுவும் கூடாது. உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சா கம்பெனி மானம் போயிடும்.”

மிஷின் எப்படிப் பேசும் என்று எனக்கு யார் சொல்வது? போர்டில் எழுதும் தமிழைப் பிடித்துக்கொண்டேன். “வரிசையில் வரவும். கேள்வியைச் சுருக்கமாகக் கேட்கவும். தொடாதீர்.” நான் இப்படிப் பேசப் பேச, எதிரில் நின்றவர்கள் பேச்சும் மாறியதுதான் வேடிக்கை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஒருவர் வந்தார். அவர் வாயில் ஒரு வாக்கியம் வந்தால் அதில் ஒரு கெட்ட வார்த்தையாவது சவாரி செய்யும், ஊருக்கே தெரியும். பச்சை எரிந்ததும் மனிதர் நிமிர்ந்து நின்றார். “வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? தேநீர்க் குவளைகள் தேவைப்படுகின்றன” என்றார். கூட வந்தவர் அசந்துபோய், “யாருய்யா நீ?” என்று கேட்டார்.

பலர் செவிடரிடம் பேசுவது மாதிரி கத்தினார்கள். சிலர் காதுப் பீங்கானில் வாயை வைத்து ரகசியம் போல் பேசினார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒரு அம்மா பிள்ளையிடம் பேசும் மழலையிலேயே, “தட்டு காட்டுங்க, சாமிக்குத் தட்டு” என்றார். கரும்பு வண்டி ஓட்டுகிற ஒருவர் தன் மாட்டிடம் பேசுகிற அதே குழைவோடு, “ராசா, கொஞ்சம் திரும்பி நில்லுடா, முதுவப் பாக்கறேன்” என்று ஜாடி வயிற்றைத் தட்டிக்கொடுத்தார். பேன்ட் போட்ட இளைஞர்கள் மிஷினுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்து, இருக்கிற நாலு இங்கிலீஷ் வார்த்தையையும் வரிசையாக விட்டார்கள். நான், “தமிழில் கேட்கவும்” என்றதும் அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று முதல் நாள் திண்டாடினார்கள். அது, இது என்றால் மீசைக்கு மரியாதை இல்லை. சாயங்காலத்துக்குள் யாரோ ‘ஜாடியாரு’ என்று ஆரம்பிக்க, அது நிலைத்துவிட்டது.

இரண்டாம் நாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். பஞ்சகச்சம், கையில் குடை. பச்சை எரிந்ததும் சரக்கு விவரம் கேட்கவில்லை. “எங்கே, பதினாறாம் வாய்ப்பாடு சொல்” என்றார்.

எனக்கு வாய்ப்பாடு பன்னிரண்டோடு சரி. சரக்கு சம்பந்தமில்லாத கேள்வி என்று தள்ளியிருக்கலாம். கூட்டம் கைதட்டக் காத்திருந்ததால் வீம்பு வந்துவிட்டது. விரலில் கூட்டிக்கூட்டி ஐந்து வரைக்கும் வந்தேன். ஆறில் தடுமாறினேன். ஏழில் நின்றேன். வெளியே மேனேஜர் முகம் சுண்ணாம்பு. நான் சிவப்பை மிதித்து, “இயந்திரம் சூடாகிவிட்டது. பிறகு வரவும்” என்றேன்.

வாத்தியார் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வது போலவே சொன்னார்: “பரவால்ல. பயந்துடாத. வூட்ல போயி படிச்சிட்டு நாளைக்கு ஒப்பி.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கம்பெனி மானம் போய்விட்டது என்று மேனேஜர் தலையில் கை வைத்தார். ஆனால் நடந்தது வேறு. அன்றைக்குப் பிறகுதான் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. கத்திப் பேசினவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். மேடைத் தமிழில் பேசினவர்கள் பாதியில் வீட்டுத் தமிழுக்கு இறங்கினார்கள். ஜாடியாருக்கும் ஏழு வராது என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு அவர் சொந்தமாகிவிட்டார். கவுண்டரில் நிற்கிற உங்களுக்குச் சொல்கிறேன்: தெரியாத கேள்விக்கு முழிப்பதில் தப்பில்லை. முழித்த முகத்தை ஒளிக்காதீர்கள்.

மூன்றாம் நாள்தான் அஞ்சலை வந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஜாடியாரின் சாசர் கண்களை நேராகப் பார்த்துத் தன் கதையை ஆரம்பித்தார். சிறுசிறு வாக்கியமாக, ஒவ்வொன்றும் முடிந்ததா என்று பார்த்துப் பார்த்துப் பேசினார்.

“இந்த பீங்கான் கம்பெனிலதாங்க எனக்கு வேல கெடச்சிருக்குது. கப்புக்குக் கைப்பிடி ஒட்டற வேல. என் கை வாட்டத்தப் பாத்துட்டு அவங்களே எடுத்துக்கினாங்க. வர திங்கக்கெழம சேரணும். சேரலன்னா அந்த எடம் வேற ஆளுக்குப் போயிடும். இவரு வேலக்கிப் போவக்கூடாதுன்னாரு. ஏன்னு கேட்டேன். ‘ஊரு பேசும்’னாரு. எந்த ஊருன்னு கேட்டேன். அதுல சண்ட.”

பின்னாலிருந்து கொளஞ்சி எட்டிப் பார்த்தார். வாட்டசாட்டமான ஆள். தோளில் துண்டு, முகமெல்லாம் வியர்வை. “ஏ, வூட்டு சங்கதிய இங்க வந்து ஏன் ஒப்பிக்கிற? ஜாடி கிட்டயா நியாயம் கேப்ப?”

வரிசை முழுக்க அவர் மேல் பாய்ந்தது. “யோவ், அவங்க முறைய்யா! பச்ச அவங்களுக்குத்தான் எரியுது. நீ பேசாத இரு!”

விளக்குச் சட்டத்தை நான் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் ஜனங்களே காப்பாற்றினார்கள். கொளஞ்சி வாயை மூடிக்கொண்டார். அஞ்சலை நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டு நிறுத்தினார்.

நான் சிவப்பை மிதித்தேன்.

தேவராசு என் காதில், “சொல்லுக்கா, வேலைக்குப் போன்னு அடிச்சி சொல்லு. சாமி வாக்கு மாதிரி எடுத்துக்குவாங்க” என்றான். மேனேஜர் வெளியே தொண்டையைக் கனைத்தார். சரக்கைப் பற்றி மட்டும் பேசு என்று அதற்கு அர்த்தம்.

என் நாக்கு துடித்தது. அந்தக் கம்பெனியில் சேர நானும் வீட்டில் மல்லுக்கட்டித்தான் வந்தேன். போ என்று ஒரு வார்த்தை. குழாயில் சொன்னால் இடியாகப் போய் விழும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜாடி சொல்லி அவர் வேலைக்கு வந்தால், நாளைக்குக் குழம்பில் உப்பு குறைந்தாலும் “ஜாடி பேச்சக் கேட்டவதான நீ” என்று காலம் பூராவும் அவர் கேட்க வேண்டியிருக்கும். போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. தெரியாது என்று சொன்னால், இத்தனை பேர் எதிரில் மனசைத் திறந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். இது வாய்ப்பாடு இல்லை, சூடாகிவிட்டது என்று தப்பிக்க.

சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் வாயை மூடி நின்றதைத் திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசாமல் இருப்பது அநேகமாக இதுதான் முதல் தடவை.

குழாயில் வாயை வைத்தேன். “நான் பீங்கான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனவர் பேசவும். கணவர் முன்னால் வரவும்.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. நாலு கை கொளஞ்சியை முன்னால் தள்ளியது. நான் பச்சையை மிதித்தேன்.

அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரிய மனிதர் எதிரில் நிற்கும் பழக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தில் பேசுவது போல ஆரம்பித்தார். “ஜாடியார் அவர்களுக்கு வணக்கம். என் பேரு கொளஞ்சி. கரும்பு விவசாயம். என்னுடைய மனைவி அஞ்சலை அவர்கள்…”

“அவர்களாம்ல!” என்றது ஒரு குரல். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அவர்கள் நல்ல மாதிரிதாங்க. ஆனா வேலக்கின்னு போனா, ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

“நாலு பேர் இங்கே இல்லை. உங்களைப் பற்றிப் பேசவும்” என்று சிவப்பில் சொல்லிவிட்டு, மறுபடி பச்சையை மிதித்தேன்.

அவர் நின்றார். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. பச்சை எரிந்தால் பேசியாக வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம் போலிருக்கிறது. இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, ஜாடியாரின் வெள்ளைக் காதுக்குப் பக்கத்தில் போனார்.

“எனக்குத் தனியா சோறு எறங்காதுங்க.”

“சத்தமாகப் பேசவும்.”

“தனியா சோறு எறங்காதுங்க!” கத்தியே விட்டார். கத்திய பிறகு வெட்கம் போய்விட்டது. “கழனிலேர்ந்து வந்து குந்துனா இவ எதிர்ல குந்திக்கினு எதையாவது பேசிக்கினே இருப்பா. அடுத்த வூட்டுக் கோழி, அத்த வூட்டுக் கல்யாணம், எதையாவது. நான் காதுலயே போட்டுக்க மாட்டேன். ஆனா அந்தப் பேச்சு இல்லன்னா தொண்டைக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. இந்த ரெண்டு மாசம் நான் தின்னது சோறே இல்லீங்க. இவ வேலக்கிப் போயிட்டா மத்தியானத்துல செவுத்தப் பாத்துக்கினு எப்பிடித் தின்றது? இத வெளிய சொல்ல முடியுமா? அதான் ஊருன்னேன்.”

வரிசையில் நின்ற ஒரு அம்மா கேட்டார்: “இத வூட்லயே சொல்லியிருக்கலாமில்ல, தம்பி?”

“வூட்ல யாரு என்ன முடிக்க வுட்டா?”

முதலில் சிரித்தது அஞ்சலைதான். அவர் சிரித்ததும் கூட்டம் தாராளமாகச் சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

நான் காலை எடுத்துவிட்டேன். அப்புறம் எந்த விளக்கும் தேவைப்படவில்லை.

பிள்ளைகளே, வாடிக்கையாளர் உங்களிடம் எதையோ கேட்கும்போது உடனே பதிலைத் தூக்கி நீட்டாதீர்கள். அவர் யாரிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கிறார் என்று ஒரு நொடி பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு வாங்க வந்த மாமியாரும் மருமகளும் உங்களைப் பார்த்துப் பேசுவார்கள். பேச்சு போய்ச் சேர வேண்டிய இடம் பக்கத்திலேயே நிற்கும். நாம் கொஞ்ச நேரம் ஜாடியாக இருந்தால் போதும். இதை எனக்கு எந்த மேனேஜரும் சொல்லித்தரவில்லை. அன்றைக்குச் சிவப்பு விளக்கு எரிந்த அந்தச் சில நிமிஷத்தில் நானாகக் கற்றுக்கொண்டது.

அஞ்சலை கைப்பையிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தார். திருவிழாவுக்குக் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு. ஜாடியாருக்கு முன்னால், வரிசைக்கு நட்டநடுவே, மணலில் உட்கார்ந்து இலையை விரித்தார்.

“குந்து” என்றார் கணவரிடம்.

“இங்கியா? ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்னுதான்.”

கொளஞ்சி உட்கார்ந்தார். வரிசை அவர்களைச் சுற்றிக்கொண்டு வளைந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார்.

“திங்கக்கெழம போவேன்” என்றார் அஞ்சலை, சோற்றைப் பிசைந்துகொண்டே.

கொளஞ்சி வாய் நிறையச் சோறு. மென்று விழுங்கும் வரை அஞ்சலை காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

“போ” என்றார் கொளஞ்சி. “காலைல எனக்கும் சேத்துக் கட்டிடு. கரும்பாலைக்கு வண்டி ஓட்டாத அன்னிக்கு ரயிலேறி நான் கம்பெனி கேட்டாண்ட வந்துடறேன். மரத்தடில குந்தி சேந்து தின்னலாம்.”

“அப்பயும் பேசிக்கினேதான் இருப்பேன்.”

“பேசு. அதுக்குத்தான வரேன்.”

தேவராசு திரைக்குள் சத்தம் வராமல் கைதட்டினான். எனக்கு அந்தப் புளிச்சோற்று வாசனைதான் தாங்க முடியவில்லை. காலையில் முக்காலியில் உட்கார்ந்தவள். எழுந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று மேனேஜர் சாப்பிடக்கூட விடவில்லை.

கொளஞ்சி கை கழுவப் போனார். அஞ்சலை மீந்த சோற்றை இன்னொரு இலையில் வழித்து வைத்தார். ஓரமாக ஒரு வடகத்தையும் வைத்தார். எழுந்து ஜாடியாரிடம் வந்தார்.

“ஜாடியாருக்குப் படையலு!” என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் மறுபடி சிரித்தது.

அவர் இலையை ஜாடியாருக்கு முன்னால் வைக்கவில்லை. சாசர் கண்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் பக்கவாட்டில் சுற்றி வந்து, தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுபோன எங்கள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். சுவிட்சை ஒட்டி இருந்த என் காலுக்குப் பக்கத்தில் இலையை மெல்ல உள்ளே தள்ளினார். கல்யாணம் ஆகாத ஜாடியாரின் கால் மெட்டியை ஒரு விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, புருஷனைத் தேடிக்கொண்டு போனார்.